ஸ்க்லீரோடெர்மாவில் நுரையீரல் தழும்பை ரத்தப் பரிசோதனை காட்டுமா?

உடலுக்குள் நடப்பதை வெளியிலிருந்தே அளக்க உதவும் பொருள்தான் பயோமார்க்கர். ஸ்க்லீரோடெர்மா என்பது தோல் தடித்து இறுகும் நோய். அதில் தோலைப் போலவே நுரையீரலும் தழும்பேறி இறுகலாம். அப்போது காற்றறைச் சுவரின் செல்கள் சிதைந்து, கே.எல்-6, எஸ்.பி-டி புரதங்கள் ரத்தத்தில் கசிகின்றன. சென்னை அடுக்குமாடிகளில் சுவருக்குள் குழாய் கசிந்தால் வெளியே ஈரத்திட்டு தெரியுமே, அப்படி. திட்டு கசிவைச் சொல்லும். எங்கே, எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு நுரையீரலை நுணுக்கமாகப் படமெடுக்கும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன்தான் வேண்டும்.

ரத்தத்தில் பார்க்கும் எஸ்.சி.எல்-70 எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) வேறு வகைப் பயோமார்க்கர். அது இருந்தால் தழும்பு வரும் அபாயம் அதிகம். வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. போகப்போகக் கவனிக்க, மூச்சை முழுக்க இழுத்து ஊதிப் பார்க்கும் எஃப்.வி.சி. அளவு அவசியம். அது 10 சதவீதம் குறைந்தால் அலட்சியம் கூடாது.

ரத்த அளவு சரியாக இருக்கிறது, இருமலும் இல்லை என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்த அளவு உயராமலும் இருமல் வராமலும்கூட ஆரம்பத் தழும்பு இருக்கலாம்.