சராசரியை நம்பி ஆர்டர் போடலாமா? வாசகர் கேள்வி - பதில்

தேவை எவ்வளவு இருக்கும் என்று தெரியாமலே சரக்கு போட வேண்டிய, முதலீடு செய்ய வேண்டிய வாசகர்கள் கேட்ட ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

பேக்கரி நடத்துகிறோம். முட்டை பப்ஸ் தினமும் எத்தனை போடுவது என்பதில் எனக்கும் தம்பிக்கும் ஓயாத வாக்குவாதம். "சராசரியா எவ்வளவு விக்குதோ அவ்வளவு போடுண்ணா" என்கிறான் அவன். தட்டு காலியாகக் கூடாது என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?
- கோவை வாசகர்

பப்ஸைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் சரியில்லை. எத்தனை விற்கிறது என்ற கணக்கு மட்டும் இதற்குப் போதாது. ஒன்று குறைந்தால் என்ன நஷ்டம், ஒன்று மிஞ்சினால் என்ன நஷ்டம் என்ற இரண்டு தொகைகள் முதலில் கையில் இருக்க வேண்டும்.

20 ரூபாய்க்கு விற்கும் பப்ஸுக்கு மைதா, மார்ஜரின், முட்டை, மசாலா, கேஸ் எல்லாம் சேர்த்து 12 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் சம்பளத்தையும் கடை வாடகையையும் இதில் சேர்க்காதீர்கள். பத்து பப்ஸ் கூடுதலாகப் போட்டாலும் அவை மாறப்போவதில்லை. பலர் இவற்றையும் அடக்கத்தில் ஏற்றிவிட்டு, போட வேண்டியதைவிடக் குறைவாகப் போடுகிறார்கள்.

ஒரு பப்ஸ் குறைந்தால் 8 ரூபாய் லாபம் போகும். மிஞ்சினால் மறுநாள் விற்க முடியாது, 12 ரூபாயும் போகும். 8-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 20-ஆல் வகுத்தால் 0.40 வரும். இனி, கடந்த 20 சனிக்கிழமைகளில் எத்தனை பப்ஸுக்கு ஆள் வந்தது என்பதைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதுங்கள். 20-ஐ 0.40-ஆல் பெருக்கினால் 8. வரிசையில் எட்டாவது எண் எதுவோ, சனிக்கிழமைக்கு அத்தனை பப்ஸ் போதும். வார நாள்களுக்கும் ஞாயிற்றுக்கும் தனித்தனி வரிசை போடுங்கள். பெருக்கி வரும் எண்ணில் பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணை எடுங்கள்.

பன்னுக்கு இதே கணக்கைப் போட்டால் விடை நேரெதிராக வரும். 5 ரூபாய் அடக்கம், 12 ரூபாய் விலை, மிஞ்சியது மறுநாள் ரஸ்க்காகி 3 ரூபாய் தேற்றும் என்றால், குறைந்தால் நஷ்டம் 7, மிஞ்சினால் நஷ்டம் 2 மட்டுமே. 7-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 0.78. வரிசையில் பதினாறாவது எண்ணுக்குப் போக வேண்டும். ஆக, பப்ஸ் தட்டு பல நாள்கள் சாயங்காலமே காலியாகலாம், தவறில்லை. பன் தட்டு காலியாவதுதான் நஷ்டம். உங்கள் கட்சி பன்னுக்குப் பொருந்தும்.

ஒன்றைக் கவனியுங்கள். பப்ஸ் இல்லை என்றதும் டீயும் குடிக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. அப்படித் திரும்புகிறவர் இருவரில் ஒருவர், டீயில் கிடைப்பது 6 ரூபாய் என்றால், குறைந்தால் வரும் நஷ்டத்தோடு 3 ரூபாய் சேரும். அப்போது விகிதம் 11-க்கு 23, ஏறக்குறைய 0.48. எட்டாவது எண்ணிலிருந்து பத்தாவதுக்கு நகர்வீர்கள்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பில் புத்தகத்தில் இருப்பது விற்பனை. எத்தனை பேர் கேட்டார்கள் என்பது அதில் இல்லை. 63 பப்ஸ் போட்டு மாலை 6 மணிக்கே தீர்ந்துபோன நாளில் தேவை 63 என்று எழுதினால் கணக்கு கெட்டது. குறைவாகப் போட்டதால் விற்பனை குறையும், குறைந்த விற்பனையைப் பார்த்து அடுத்த வாரம் இன்னும் குறைவாகப் போடுவீர்கள், அது மேலும் குறையும். இதைத் தடுக்க, சரக்கு தீர்ந்த நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள். தீராத நாள்களின் பில்களைப் பார்த்து, 6 மணிக்குள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் விற்றுவிடுகிறது என்று கண்டுபிடியுங்கள். 70 சதவீதம் என்றால், 63-ஐ 0.70-ஆல் வகுக்க 90. அந்த நாளின் தேவை 90 என்று வரிசையில் எழுதுங்கள். வேறெந்த நுணுக்கத்தையும்விட இந்த ஒரு திருத்தம்தான் பேக்கரிக்கு அதிகப் பணம் தரும் என்பது எங்கள் கருத்து.

மேலாண்மைப் பாடத்தில் இதற்கு நாளிதழ் வியாபாரி கணக்கு என்று பெயர். வங்கி எவ்வளவு ரொக்கம் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1888-இல் பொருளியலாளர் எட்ஜ்வொர்த் எழுதியதில் இதன் வேர் இருக்கிறது. 1951-இல் ஆரோ, ஹாரிஸ், மார்ஷக் மூவரும் சரக்கிருப்புக்கான கோட்பாடாக இதை விரித்தார்கள். உங்கள் தம்பி சராசரியைப் பிடித்துக்கொள்வதும் ஆராய்ச்சியில் பதிவான பழக்கம்தான். ஷ்வைட்ஸர், கேஷோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட பரிசோதனையில், தேவை எப்படிப் பரவியிருக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டும்கூட, லாபம் குறைந்த பொருளுக்கு மக்கள் அதிகமாகவும் லாபம் நிறைந்த பொருளுக்குக் குறைவாகவும் ஆர்டர் போட்டார்கள். இரண்டு பக்கமும் சராசரியை நோக்கியே சாய்ந்தது.

பம்ப்செட் உதிரி பாகக் கடை. பல பாகங்கள் மாதக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும். திடீரென மூன்று கேட்பார்கள். கணினியில் போட்ட மென்பொருள் சொல்லும் எண் பொருந்தவே இல்லையே?
- மதுரை வாசகர்

உங்கள் மென்பொருள் அநேகமாக எளிய மிருதுவாக்கல் முறையைப் பயன்படுத்துகிறது. பழைய கணிப்பையும் புதிய விற்பனையையும் ஒரு விகிதத்தில் கலந்து அடுத்த கணிப்பைப் போடும் முறை அது. அந்த முறையில், ஒரு விற்பனை நடந்த மறுநாள்தான் கணிப்பு உச்சத்தில் இருக்கும். வாங்கியவர் அப்போதுதான் வாங்கிப் போயிருப்பார். இனிக் கொஞ்ச நாள் வரமாட்டார். கிராஸ்டன் என்ற ஆய்வாளர் 1972-இலேயே இதைச் சுட்டிக்காட்டி மாற்று வழி சொன்னார். ஒவ்வொரு முறையும் எத்தனை கேட்கிறார்கள், இரண்டு விற்பனைகளுக்கு இடையே எத்தனை மாதம் ஆகிறது என்ற இரண்டையும் தனித்தனியே கணித்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். மூன்று பாகம், ஆறு மாத இடைவெளி என்றால் மாதத்துக்கு 0.5. இந்த முறை சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்று பின்னாளில் சிண்டெடோஸும் பாய்லனும் நிறுவினார்கள். மிருதுவாக்கல் எண், அதாவது கலவையில் புதிய விவரத்துக்குக் கொடுக்கும் பங்கு, 0.1 என்றால் விடையை 0.95-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அலமாரியில் அரைப் பாகத்தை வைக்க முடியாது. நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது, வாடிக்கையாளர் காத்திருப்பாரா என்பதுதான். பாகத்தின் விலை 800 ரூபாய், முடங்கும் பணத்தின் வட்டி, இடம், பழுது எல்லாம் ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் மூன்று பாகம் வைத்திருக்க ஆண்டுக்கு 480 ரூபாய் ஆகும். வருடத்துக்கு ஆறு விற்று ஒவ்வொன்றிலும் 250 ரூபாய் கிடைத்தால் 1,500. பயிர் காயும்போது பம்ப் நின்ற விவசாயி காத்திருக்கமாட்டார், பக்கத்துக் கடைக்குப் போவார். அந்தப் பாகத்தை வையுங்கள். சொல்லி வைத்து வாங்கிப்போகும் பாகத்தை வைக்காதீர்கள்.

எம்.பி.ஏ. ஆய்வுத் திட்டத்துக்கு விற்பனைக் கணிப்பை எடுத்திருக்கிறேன். தரவிலிருந்து கணினி தானே கற்கும் இயந்திரக் கற்றல் மாதிரிதான் வேண்டும் என்கிறார் வழிகாட்டி. பழைய முறைகளைத் தொடவே வேண்டாமா?
- சென்னை வாசகி

தொடாமல் இருக்கக் கூடாது. கணிப்பு ஆய்வாளர் மக்ரிடாகிஸ் நடத்திவரும் கணிப்புப் போட்டிகளே இதற்குச் சான்று. 1,00,000 காலத்தொடர்களை (காலவரிசையில் பதிவான எண் வரிசைகளை) வைத்து 2018-இல் நடந்த நான்காவது போட்டியில், இயந்திரக் கற்றலை மட்டும் நம்பிய மாதிரிகள், எளிய முறைகள் சிலவற்றின் சராசரியைக்கூட வெல்லவில்லை. முதலிடம் பெற்றது மிருதுவாக்கலையும், இயந்திரக் கற்றலில் ஒரு வகையான நரம்பு வலைப்பின்னலையும் சேர்த்த கலப்பு மாதிரி. 2020-இல் வால்மார்ட்டின் விற்பனைத் தரவை வைத்து நடந்த ஐந்தாவது போட்டியில் நிலைமை மாறியது. லைட்ஜிபிஎம் என்ற இயந்திரக் கற்றல் முறை முன்னே வந்தது. ஆயிரக்கணக்கான பொருள்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க முடிந்ததும், விலையும் விசேஷ நாள்களும் தரவில் இருந்ததும் அதற்குக் காரணம். அங்கும் பங்கேற்ற அணிகளில் பத்தில் ஒன்றுகூட, ஒப்பீட்டுக்கு வைத்திருந்த சிறந்த எளிய முறையைத் தாண்டவில்லை.

எனவே முதலில் போன ஆண்டு இதே வாரம் விற்றதையே இந்த ஆண்டுக் கணிப்பாக வையுங்கள். உங்கள் மாதிரி அதைத் தாண்டினால்தான் ஆய்வேட்டில் எழுத விஷயம் உண்டு. சோதிக்கும்போது தரவைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். நாளைய தகவல் நேற்றைக்குள் கசிந்து, மாதிரி அபாரமாகத் தெரியும். காலவரிசையில் முன்னே பயிற்சி, பின்னே சோதனை என்று பல கட்டங்களாக நகர்த்துங்கள். பூஜ்ய விற்பனை உள்ள நாள்களில் சதவீதப் பிழை அளவுகோல் உடைந்துபோகும், பூஜ்யத்தால் வகுக்க முடியாதே.

நம் ஊர்த் தரவில் கட்டாயம் பார்க்க வேண்டியது பண்டிகை. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. நவம்பரோடு நவம்பரை ஒப்பிட்டால் துணி, பலகார விற்பனை சரிந்ததாகவே தோன்றும். தீபாவளிக்கு எத்தனை நாள் முன் என்பதைத் தனி நிரலாகச் சேருங்கள்.

பின்னலாடை யூனிட் விரிவாக்கம். மாதம் சராசரி 10,000 பீஸ் ஆர்டர் வரும், அதற்கேற்ற இயந்திரம் போட்டால் மாதம் ஒரு லட்சம் லாபம் என்று திட்ட அறிக்கை சொல்கிறது. நம்பலாமா?
- திருப்பூர் வாசகர்

பீஸுக்கு 30 ரூபாய் மிச்சம், ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் மாத நிலைச்செலவு 2 லட்சம் என்று நீங்கள் அனுப்பிய விவரத்தில் இருக்கிறது. 10,000 பீஸுக்கு ஒரு லட்சம் என்ற பெருக்கலில் தவறில்லை. ஆனால் ஆர்டர் சில மாதம் 6,000, சில மாதம் 14,000 என்கிறீர்கள். மூன்று நிலைகளும் சம வாய்ப்பு என்றே வைப்போம். 6,000 வரும் மாதம் 20,000 ரூபாய் நஷ்டம். 10,000 வந்தால் ஒரு லட்சம் லாபம். 14,000 வந்தாலும் அதே ஒரு லட்சம்தான், இயந்திரம் 10,000-க்கு மேல் ஓடாது. மூன்றின் சராசரி 60,000. ஆர்டர் குறையும்போது முழு அடியும் உங்கள் மேல் விழுகிறது, கூடும்போது கிடைக்க வேண்டியது கிடைப்பதில்லை. சராசரி ஆர்டரை மட்டும் வைத்துப் போடும் திட்ட அறிக்கையில் இந்த 40,000 ரூபாய் ஓட்டை தெரியவே தெரியாது.

அதிகப்படியான பீஸை ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளி யூனிட்டில் கூலிக்குத் தைக்க, கொடுத்து, பீஸுக்கு 10 ரூபாய் நிற்கும் என்றால் சராசரி சுமார் 73,000 ஆகும். இப்போது 8,000 பீஸ் மட்டும் ஓடும் சிறிய ஏற்பாட்டைப் பாருங்கள். நிலைச்செலவு 1,60,000, மீதி ஜாப் ஒர்க். 6,000 வந்தால் 20,000 லாபம், 10,000 வந்தால் ஒரு லட்சம், 14,000 வந்தால் 1,40,000. பெரிய ஏற்பாட்டில் ஜாப் ஒர்க்கோடு சேர்த்து முறையே 20,000 நஷ்டம், ஒரு லட்சம், 1,40,000. சிறியது எந்த நிலையிலும் பின்தங்கவில்லை, மோசமான மாதத்தில் முந்துகிறது. இப்படி அமைந்துவிட்டால் எந்த நிலைக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம்.

எதிர்வாதமும் உண்டு. சீசனில் எல்லாருக்கும் ஆர்டர் குவியும்போது ஜாப் ஒர்க் கூலி ஏறும், ஆள் கிடைக்காது. 10 ரூபாய் மிச்சம் 5 ஆகச் சுருங்கினால் சிறியது சுமார் 73,000, பெரியது 67,000. மிச்சம் பூஜ்யமானால் இரண்டும் 60,000-இல் சமமாகும். அதற்கும் கீழே போய், கைநஷ்டத்தில் தைத்துக் கொடுக்க வேண்டிய நிலை வரும் என்றால் மட்டும் பெரியதை யோசியுங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் இரண்டு ஜாப் ஒர்க் யூனிட்களிடம் சீசன் கூலியை எழுத்தில் வாங்குவது, மேலும் ஒரு சந்தை ஆய்வுக்குச் செலவழிப்பதைவிட உபயோகமானது.

எக்ஸெலில் ஆயிரம் வரிசை போட்டு ஆர்டரையும் விலையையும் தற்செயலாக மாற்றிப் பார்க்கலாம். ஆனால் இரண்டையும் தனித்தனியாக ஆட விடாதீர்கள். ஆர்டர் சுருங்கும் மாதத்தில்தான் வாங்குபவர் விலையையும் அடிப்பார். அந்தத் தொடர்பைக் கணக்கில் கொண்டுவராவிட்டால், மோசமான மாதங்கள் உள்ளதைவிட லேசாகத் தெரியும்.

எங்கள் விற்பனை மேலாளர் எப்போதும் "80 சதவீதம் கிடைச்சிடும் சார்" என்பார். கிடைக்காவிட்டால் "நான்தான் 80-னு சொன்னேனே, 100 இல்லையே" என்பார். அவர் கணிப்பை எப்படி எடை போடுவது?
- ஓசூர் வாசகர்

ஒரு ஆர்டரை வைத்து முடியாது. முப்பது நாற்பதாவது சேர வேண்டும். வானிலைக் கணிப்புகளைச் சோதிக்க பிரையர் 1950-இல் தந்த அளவுகோலைப் பயன்படுத்துங்கள். கிடைத்தால் 1, கிடைக்காவிட்டால் 0. சொன்ன வாய்ப்பை அதிலிருந்து கழித்து வர்க்கப்படுத்துங்கள். 80 சதவீதம் சொல்லிக் கிடைத்தால் 0.04, கிடைக்காவிட்டால் 0.64. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்றே சொல்பவருக்கு 0.25 வரும். உங்கள் மேலாளரின் சராசரி அதைவிட அதிகமானால் அவர் எண்ணை வைத்துச் சரக்கு வாங்காதீர்கள். கூடவே, அவர் 80 என்று சொன்னவற்றை மட்டும் தனியே எடுத்து, பத்தில் எட்டு வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். ஆறுதான் வருகிறது என்றால் அவருடைய 80-ஐ 60 என்று வாசித்து, முதல் பதிலில் சொன்ன கணக்கில் போடுங்கள். சதவீதத்தை முடிவு தெரியும் முன்பே தேதியோடு எழுதி வாங்க வேண்டும். பிறகு கேட்டால் எவருடைய நினைவும் முடிவுக்குத் தக்கபடி மாறிவிடும்.