முதல் முறையாக எழுத்தறிவு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ் வாசிக்கக் கற்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்திருக்கிறார். அதிலிருந்து ஒரு கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி சர்வதேச இதழுக்கு அனுப்பப் போகிறார். ஃபார்மேட் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நானும் இதே துறைதான். என் முதல் கட்டுரை மூன்று இதழ்களில் திரும்பி வந்து, நான்காவதில்தான் வெளியானது. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், இதழை யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். எழுத்தறிவு என்ற ஒரே சொல்லுக்குள் பல வகை வாசகர்கள் இருக்கிறார்கள். இன்டர்நேஷனல் லிட்டரசி அசோசியேஷன் என்ற ஒரே சங்கத்தின் இதழ்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் தொடங்கிய 'ரீடிங் ரிசர்ச் குவார்ட்டர்லி' ஆய்வாளர்களுக்கானது. 'தி ரீடிங் டீச்சர்' 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கானது. வளரிளம் பருவத்தினரையும் வயதுவந்தோரையும் பற்றியது இன்னொன்று. வகுப்பறையில் நீங்கள் செய்துபார்த்த ஒரு முறையைச் சொல்லும் கட்டுரையை முதல் இதழுக்கு அனுப்பினால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் துறை வல்லுநர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பிவிடும். எனக்கு ஒரு இதழில் அப்படித்தான் ஆனது, ஒன்பதே நாளில். அனுப்புவதற்கு முன் அந்த இதழின் கடைசி இரண்டு வருடக் கட்டுரைத் தலைப்புகளையாவது படியுங்கள். உங்கள் கட்டுரை அவற்றில் யாரோடு பேசுகிறது என்று ஒரு வரியில் சொல்ல வந்துவிட்டால், கவர் லெட்டரில் பாதி எழுதிவிட்ட மாதிரி.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். நம் ஊர் ஆய்வாளர்கள் அனுப்பும் கட்டுரைகளில் தமிழ் எழுத்தைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கும்: 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம், மொத்தம் 247. அதோடு நேரே அட்டவணைக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாத ஒருவர் அதைப் படித்தால், இந்தப் பிள்ளைகள் உண்மையில் எதோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று அவருக்குத் துளியும் தெரியாது.

என் தரவில் ஒரு சிறுமி 'கொடி' என்ற சொல்லைப் படித்தாள். கொம்பில் விரல் வைத்தாள், ககரத்துக்கு நகர்ந்தாள், 'கெ' என்றாள். அடுத்து கால் வந்தது. நின்றுவிட்டாள். விரல் திரும்பவும் கொம்புக்கே போனது. அப்புறம் மெதுவாக 'கொ' என்றாள். ஒலியில் ககரத்துக்குப் பின்னால் வரும் ஒகரம், எழுத்தில் ககரத்துக்கு முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டுமாக நிற்கிறது. ஆங்கிலம் படிக்கும் குழந்தைக்கு வேறு சிக்கல்கள் உண்டு, ஆனால் இது கிடையாது. இதையெல்லாம் நான் முதல் வடிவத்தில் 'தானே திருத்திக்கொண்ட பிழை' என்று ஒரு எண்ணாக மட்டும் போட்டிருந்தேன். நான்காவது வடிவத்தில் கட்டுரையே அந்த விரலில்தான் தொடங்கியது.

இன்னொரு இடம் ஒலிப்பு. 'தமிழில் எழுதியபடியே வாசிக்கலாம்' என்று ஒரு வாக்கியம் எழுதிவிடுவோம். ஒரு மதிப்பாய்வாளர் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டது நியாயம். கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே ககரம்தான், ஒலி மூன்று விதம். எழுத்து நிற்கும் இடம் ஒலியைச் சொல்லிவிடுவதால் தமிழ் பேசும் பிள்ளைக்கு இது பெரிய தடை இல்லை. ஆனால் காந்தி என்று வரும்போது அந்த விதி உதவாது. இதை விளக்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கட்டுரையிலேயே நல்ல பகுதி அதுதான் என்று அடுத்த சுற்றில் அவரே எழுதியிருந்தார்.

தமிழை இவ்வளவு விளக்கினால் 'உள்ளூர் ஆய்வு' என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். பயப்படாதீர்கள். வாசிப்பு ஆய்வு ஆங்கிலத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறது என்று வாசிப்பு ஆய்வாளர் டேவிட் ஷேர் 2008இலேயே விரிவாக வாதிட்டிருக்கிறார். கன்னடக் குழந்தைகள் எழுத்துகளைக் கற்பதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் பற்றி சோனாலி நாக் 2007இல் எழுதியது பிரிட்டனின் 'ஜர்னல் ஆஃப் ரிசர்ச் இன் ரீடிங்' இதழில் வந்தது. பாதை ஏற்கனவே போட்டிருக்கிறது. ஆங்கிலத்தை வைத்துச் சொன்ன எந்தக் கருத்து தமிழில் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுங்கள்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைத் தரவு சேகரிப்பதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். பின்னால் வாங்க வழியில்லை. நம் துறையில் இதில் கூடுதலாக ஒன்று உண்டு. பிள்ளையின் அம்மாவுக்கே படிக்கத் தெரியாது என்றால், அச்சடித்த ஒப்புதல் படிவத்தில் வாங்கிய கைநாட்டுக்கு என்ன பொருள்? படிவத்தை வாய்விட்டுப் படித்து விளக்கி, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியை உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. நீங்கள் அப்படிச் செய்திருந்தால் கட்டுரையில் தெளிவாக எழுதுங்கள். எழுத்தறிவைப் பற்றிப் பேசும் கட்டுரையில் அந்தத் தாயை நாம் எப்படி நடத்தினோம் என்பதற்கும் இடம் வேண்டும்.

பெயரை மறைப்பது பற்றி. பல இதழ்களில் எழுதியவர் யாரென்று மதிப்பாய்வாளருக்குத் தெரியக் கூடாது. முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. நன்றியுரை, பல்கலைக்கழகப் பெயர், 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்ற வரி, வேர்ட் கோப்பின் பண்புகளில் ஒட்டியிருக்கும் பெயர், எல்லாவற்றையும் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். மேற்கோள், பட்டியல் எல்லாம் எழுதும் நடை பெரும்பாலும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) கையேட்டின் ஏழாம் பதிப்பு. அதற்கு இணையத்தில் நிறைய உதவி கிடைக்கும்.

பணம் கேட்கும் மின்னஞ்சல்கள் உங்களுக்கும் வரும்: 'உங்கள் அருமையான கட்டுரையைப் படித்தோம், ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்.' தொடவே தொடாதீர்கள். நேர்மையான இதழ்களிலும் எல்லோருக்கும் திறந்த வெளியீட்டுக்குக் கட்டணம் உண்டுதான். ஆனால் சந்தா வழியில் வெளியிட்டால் பெரும்பாலும் நீங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். தரமான இதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது. இனி இதழை எடைபோடும் பொறுப்பு நம்முடையது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்களை அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் போய்த் தேடுங்கள். அந்த இதழில் இருப்பதாக அவர்களே சொல்கிறார்களா என்று பாருங்கள்.

மதிப்பாய்வு வந்ததும் அன்றைக்கே பதில் எழுத உட்காராதீர்கள். இரண்டு நாள் போகட்டும். பிறகு ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்துப் போட்டு, அதற்குக் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். ஏற்க முடியாத குறிப்பு இருந்தால் மரியாதையாகக் காரணம் சொல்லி மறுக்கலாம். 'தமிழ்ச் சொற்களை எடுத்துவிட்டு ஒலிபெயர்ப்பு மட்டும் போதும்' என்று ஒருவர் எனக்கு எழுதினார். கொம்பும் காலும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வாதமே நிற்காது என்று பதில் எழுதினேன். எடிட்டர் என் பக்கம் நின்றார்.

கடைசியாக எழுத்துரு. தமிழ் எல்லாம் யூனிகோடில்தான் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் அங்கே வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பதிவேற்றியதும் தளம் ஒரு பிடிஎஃப் செய்து காட்டும். 'ஒப்புதல்' பொத்தானை அழுத்துவதற்கு முன் அதில் உள்ள ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் படியுங்கள். அச்சுக்கு முந்தைய மெய்ப்பிலும் அப்படியே. எனக்கு வந்த மெய்ப்பில் 'கொடி'யின் கொம்பு தனியே பிரிந்து, பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தோடு நின்றது. திருத்தி அனுப்ப 48 மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். சரியான வடிவத்தைப் படமாக எடுத்து இணைத்து அனுப்பினேன், சரிசெய்துவிட்டார்கள்.