காம்பவுண்ட் கம்பியில கரண்ட் விட்டா தப்பா? திருடனை அடிச்சா கேஸ் யார் மேல?

கேள்வி: ரிட்டயர் ஆகி மனைவியோட தனி வீட்ல இருக்கேன், பசங்க வெளியூர்ல. போன வருஷம் ராத்திரி யாரோ சுவர் ஏறிக் குதிச்சு வாசல்ல இருந்த தண்ணி மோட்டாரைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் ரசீது (புகாரை வாங்கிக்கிட்டதுக்கான ரசீது) குடுத்தாங்க, அதோட சரி. போன மாசம் மறுபடி ஒருத்தன் வந்து பின்கதவு தாழ்ப்பாளை நெம்பிப் பார்த்திருக்கான். சுவர் மேல கம்பி இழுத்து ராத்திரி மட்டும் வீட்டுக் கரண்டைக் குடுத்துடுங்க, அபாயம்னு போர்டு மாட்டிட்டா கேஸ் வராதுங்கறார் என் மச்சான். செய்யலாமா? உள்ள வந்தவனை இரும்பு ராடால அடிச்சு அவனுக்கு ஏதாவது ஆயிட்டா மாட்டிக்குவேனா?

பதில்: சார், கரண்ட் கம்பி வேண்டவே வேண்டாம். மச்சான் நல்லது நினைச்சுதான் சொல்லியிருப்பார், ஆனா அவர் பேச்சைக் கேட்டா திருடன் தப்பிச்சுடுவான், நீங்க உள்ள போயிடுவீங்க.

இது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1963லயே முடிஞ்சு போன விஷயம். பீகார்ல ஒருத்தர், பக்கத்து வீட்டுக்காரங்க தன் கக்கூஸை வந்து உபயோகிக்கறாங்கன்னு கோவப்பட்டு, சொல்லிப் பார்த்தும் கேக்கலைன்னு, போற வழியில மேல் உறை இல்லாத செம்புக் கம்பியைக் கட்டி வீட்டு ஒயரிங்ல இருந்து கரண்ட் குடுத்துட்டார். ஒரு அம்மா உள்ள போறப்ப கம்பியில படாமப் போயிட்டாங்க, திரும்பி வர்றப்ப கை பட்டு இறந்துட்டாங்க. என் இடம், அத்துமீறி வந்தா நான் என்ன செய்யன்னு அவர் வாதாடினார், எடுபடலை. அத்துமீறி நுழைஞ்சவன்ங்கறதுக்காக அவன் சட்டத்துக்கு வெளியில போயிடலை, அவனுக்குக் காயமோ சாவோ வர்ற மாதிரி பொறி வைக்கற உரிமை இடத்துக்காரனுக்குக் கிடையாதுன்னு தண்டனையை உறுதி பண்ணிட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, சட்டம் உங்களுக்குத் தற்காப்பு உரிமை நிறையவே குடுக்குது, ஆனா அதைக் குடுக்கறது கண்ணு முன்னால ஆபத்தைப் பார்த்து, இவ்வளவு போதும்னு முடிவு எடுக்கற ஒரு மனுஷனுக்கு. கம்பிக்கு அந்த முடிவு எடுக்கத் தெரியாது. பந்து எடுக்க ஏறுற பையனையும், சாவி மறந்துட்டு நடுராத்திரி சுவர் ஏறுற உங்க சொந்தப் பையனையும் அது திருடனாத்தான் பார்க்கும். ராத்திரி மட்டும்தான் சுவிட்ச் போடுவேன்னு எல்லாரும் சொல்வாங்க, காலையில அணைக்க மறந்த ஒரே ஒரு நாள் போதும்.

போர்டு விஷயம் இன்னும் மோசம். யாராவது செத்துட்டா, கவனக்குறைவால மரணம்னு பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த புது தண்டனைச் சட்டம்) 106 போட்டாலே அஞ்சு வருஷம் வரைக்கும் போகலாம், அதுல ஜாமீனாவது ஸ்டேஷன்லயே கிடைக்கும். சாவு வரும்னு தெரிஞ்சே செஞ்சீங்கன்னு 105 போட்டா பத்து வருஷம் வரைக்கும் போகலாம், ஜாமீனுக்குக் கோர்ட்டுக்கு அலையணும். தெரிஞ்சே செஞ்சார்ங்கறதுக்கு போலீஸ் வேற ஆதாரம் தேட வேண்டாம், அபாயம்னு நீங்களே எழுதி மாட்டின போர்டே போதும்!

எனர்ஜைசர் வச்சு விட்டு விட்டு துடிப்பா கரண்ட் போற வேலி ஒண்ணு விக்கறாங்க, அது ஆளைத் தள்ளிவிடும், பொதுவா கொல்லாது. அது வேற, மெயின் லைன்ல இருந்து நேரா இழுக்கறது வேற. அதையும் தரச்சான்று உள்ளதா, தெரிஞ்ச ஆளை வச்சுத்தான் போடணும். ஆனா உங்க வீட்டுக்கு அதெல்லாம் தேவையான்னே எனக்கு சந்தேகம்தான், வாசல்ல ஆள் வந்தா எரியற லைட்டும் பின்கதவுக்கு வெளியில ஒரு கிரில் கேட்டும் போட்டாலே பாதி வேலை முடிஞ்சுடும்.

சரி, இரும்பு ராடுக்கு வருவோம். 2024 ஜூலைல இருந்து ஐபிசி போய் பிஎன்எஸ் வந்தாச்சு, ஆனா தற்காப்பு உரிமை பெருசா மாறலை. பிரிவு 41 என்ன சொல்லுதுன்னா, கொள்ளை, சூரியன் மறைஞ்சு உதிக்கறதுக்குள்ள வீட்டை உடைச்சு நுழையறது, வீட்டுக்குத் தீ வைக்கறது, அப்புறம் திருட்டா இருந்தாலும் உயிருக்கோ பெரிய காயத்துக்கோ பயப்பட நியாயமான காரணம் இருக்கற நிலைமை, இதுலல்லாம் எதிராளி உயிரே போனாலும் தற்காப்புன்னு சொல்ல இடம் இருக்கு. உடனே சந்தோஷப்பட்டுடாதீங்க, 37ம் பிரிவு கூடவே வருது: போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தா அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல அடிக்கவும் உரிமை இல்லை.

அதனால எந்த நிமிஷத்துல அடிச்சீங்கங்கறதுதான் கேஸே. கதவை நெம்பிட்டு உள்ள வந்து கையில கத்தியோட உங்க மனைவி பக்கம் திரும்பறான், அடிச்சீங்க, உங்க பக்கம் பலமா நிக்கும். அந்தப் பதட்டத்துல எத்தனை அடின்னு எண்ணிட்டு இருக்க முடியாது, தங்கம் நிறுக்கற தராசுல வச்சு இதை நிறுக்கக் கூடாதுன்னு கோர்ட்டே பல தீர்ப்புல சொல்லியிருக்கு. அதே ஆள் வெறுங்கையோட சுவர் ஏறி ஓடறான், பின்னாலயே போய் மண்டையில போடறீங்க, அங்க நீங்கதான் குற்றவாளி. வெறும் காம்பவுண்டுக்குள்ள குதிச்சு நிக்கறவனையும் வீட்டை உடைச்சு உள்ள வந்தவனையும் ஒண்ணா நினைச்சுடாதீங்க, 41 பேசறது ரெண்டாவது ஆளைப் பத்தி. தற்காப்புன்னு காட்ட வேண்டிய பொறுப்பும் உங்க மேலதான், அதனால சத்தம் கேட்டவுடனே லைட்டைப் போடுங்க, கத்துங்க, மனைவியை 112க்கு போன் பண்ணச் சொல்லுங்க. அந்த கால் போன நேரம் பின்னால உங்களுக்குப் பெரிய சாட்சி.

பிடிச்சுட்டா? கண் முன்னால ஜாமீன் இல்லாத, போலீஸ் நேரா பிடிக்கக்கூடிய குற்றம் செஞ்சவனை நீங்களே பிடிச்சு வைக்கலாம், பிஎன்எஸ்எஸ் (கைது, விசாரணை நடைமுறைக்கான புது சட்டம்) 40 அதைச் சொல்லுது, ஆனா ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்கிட்ட ஒப்படைச்சாகணும். மரத்துல கட்டி வச்சு தெருவே சேர்ந்து ஆளுக்கு ரெண்டு போடறது, வீடியோ எடுத்து அனுப்பறது, இதெல்லாம் வேண்டாம். அந்த வீடியோவுல யார் முகம் தெரியுதோ அவங்க எல்லாரும் அப்புறம் எங்களை மாதிரி வக்கீல்களைத் தேடி வர்றாங்க.

இப்ப நீங்க கேக்காத ஒரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. மோட்டார் போனப்ப குடுத்த புகார்ல அதோட மதிப்பை எழுதினீங்களா? புது சட்டத்துல, போன பொருள் அஞ்சாயிரம் ரூபாய்க்குக் கீழன்னா வெறும் திருட்டை, கோர்ட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்க முடியாது. வீட்டுக்குள்ள புகுந்து திருடினா அது 305, அங்க இந்தக் கணக்கு கிடையாது, ஆனா வாசல்ல இருந்த மோட்டாருக்கு மதிப்புதான் எல்லாமே. வெறும் "மோட்டார் காணோம்"னு எழுதிக் குடுத்தா சிஎஸ்ஆரோட நிக்கறதுல ஆச்சரியம் இல்லை. பில்லைத் தேடுங்க, கம்பெனி, குதிரைத்திறன், சீரியல் நம்பர், வாங்கின வருஷம், விலை எல்லாம் எழுதி மறுபடி ஒரு மனு குடுங்க.

தாழ்ப்பாள் விஷயத்தையும் எதுவும் போகலையேன்னு விட்டுடாதீங்க, முயற்சியும் குற்றம்தான். கார்பென்டரைக் கூப்பிட்டு சரி பண்றதுக்கு முன்னால அந்த நெம்பின தழும்பை ஒரு ஸ்கேல் பக்கத்துல வச்சு போட்டோ எடுங்க, மரம் பிளந்த இடம், வளைஞ்ச ஸ்க்ரூ எல்லாம் தெரியணும். கேமரா போடறதா இருந்தா அதுல தேதி, நேரம் சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க, ஒரு மணி நேரம் தள்ளி ஓடற டிவிஆரை (கேமரா படத்தைப் பதிவு பண்ற பெட்டி) வச்சு எதிர்த்தரப்பு வக்கீல் கேஸையே கிழிச்சுடுவார். பதிவைக் கோர்ட்ல குடுக்கறப்ப சாட்சியச் சட்டம் 63 படி சான்றிதழ் வேணும், அதை வக்கீல் பாத்துக்குவார், நீங்க செய்ய வேண்டியது பழைய பதிவு அழியறதுக்குள்ள எடுத்து வைக்கறது. பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து கேமராவைத் திருப்பாதீங்க, அது தனி வம்பு.

மதிப்பை எழுதி, பில் வச்சுக் குடுத்த பிறகும் ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போடலைன்னா, அதே புகாரை எஸ்பிக்கோ, சிட்டியா இருந்தா கமிஷனர் ஆபீஸுக்கோ ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. அதுக்கும் பதில் இல்லைன்னா பிஎன்எஸ்எஸ் 175ல மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம், அதுக்கு ஒரு அஃபிடவிட் கூட வைக்கணும். எஃப்ஐஆர் போட்டா காப்பி உங்களுக்கு இலவசமாக் குடுக்கணும், கேட்டு வாங்கிட்டு வாங்க.