பக்கவாதம் வந்தவருக்கு ஏன் ஸ்டீராய்டு ஊசி போடுவதில்லை?

மூளைக் கட்டி இருந்த அத்தைக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டதும் தலைவலி குறைந்தது, பக்கவாதம் வந்த மாமாவுக்கும் ஸ்கேனில் வீக்கம் என்கிறார்கள், ஆனால் அதே ஊசியைப் போட மறுக்கிறார்கள், இது அலட்சியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அலட்சியம் இல்லை. பக்கவாத நோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவன் நான். நானும் போட்டிருக்க மாட்டேன்.

இரண்டும் ஒரே வீக்கம் அல்ல. கட்டியைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து செல்களுக்கு வெளியே தேங்குகிறது. ஸ்டீராய்டு அந்தக் கசிவைக் குறைக்கும். ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்திலோ, ரத்தம் கிடைக்காத செல்கள் உள்ளே சேரும் உப்பை வெளியேற்றச் சக்தியில்லாமல் தாமே நீரை இழுத்து வீங்குகின்றன. ஸ்டீராய்டால் இதைத் தடுக்க முடிவதில்லை.

முயன்று பார்க்காமலும் இல்லை. அடைப்பால் வந்த பக்கவாதத்தில் நடந்த 8 ஆய்வுகளை, மொத்தம் 466 நோயாளிகள், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2011இல் தொகுத்துப் பார்த்தது. இறப்பு குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மூளையில் ரத்தம் கசிந்தவர்களுக்குத் தாய்லாந்தில் டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1987இல் வெளியானது. 21ஆம் நாளில் மருந்து பெற்ற 46 பேரில் 21 பேரும், பெறாத 47 பேரில் 21 பேரும் இறந்திருந்தார்கள். மருந்து பெற்றவர்களுக்குத் தொற்றும் சர்க்கரைச் சிக்கலும் மிக அதிகமாக வந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். விழுங்கச் சிரமப்பட்டுப் படுத்திருப்பவருக்கு நிமோனியா சுலபமாக வரும். சர்க்கரை ஏறினால் மூளைச் சேதமும் கூடும். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான்.

சீனாவில் 2024இல் வெளியான மார்வெல் ஆய்வை யாராவது காட்டக்கூடும். பெரிய ரத்தக்குழாய் அடைத்து, குழாய் செலுத்தி ரத்தக்கட்டியை எடுத்தவர்களுக்கு மட்டும் 3 நாள் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இறப்பு குறைந்தது, 28.5 சதவீதத்திலிருந்து 23.2 ஆக. ஆனால் ஆய்வின் முதன்மைக் கேள்வி, ஊனம் குறைகிறதா என்பது. அதில் தெளிவான பலன் தெரியவில்லை. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனாலும் எல்லோருக்கும் போட இது போதாது.

ரத்தக்குழாய் அழற்சியாலோ காசநோய் மூளைக்காய்ச்சலாலோ பக்கவாதம் வந்தால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள், அந்த மூல நோய்க்காக. மாமாவின் வீக்கம் ஆபத்தாகக் கூடினால் அதைக் குறைக்க மேனிட்டால் என்ற மருந்து உண்டு, மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து மூளைக்கு இடம் கொடுக்கும் ஆபரேஷனும் உண்டு. அதைப் பற்றி டாக்டரிடம் இப்போதே கேளுங்கள்.

அப்புறம், மாமா ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஏற்கெனவே பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது.