எல்லாப் படத்துக்கும் "நல்லாருக்கு"ன்னு சொன்னா என்ன செய்யறது?

வணக்கம். ஐரோப்பிய ஓவியங்களைக் காசிமேட்டுக்காரங்ககிட்ட காட்டி மார்க் கேட்டேன், எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு போட்டாங்க, உளவியல் ப்ராஜெக்டே போச்சுன்னு எழுதியிருக்கீங்க. போகலங்க. வீடு தேடி வந்த பிள்ளை மனசு நோகக்கூடாதுன்னு போட்ட மார்க் அது.

மார்க்கை விடுங்க. ரெண்டு ரெண்டு படமா வச்சு, "உங்க வீட்டுச் சுவத்துல எதை மாட்டுவீங்க?"ன்னு கேளுங்க. இடம் வலம் மாத்தி வைங்க.

அதைவிட முக்கியம், எந்தப் படம்ங்கிறது. சைல்டு, சிரோட்டோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் செஞ்சு 1965-ல் வெளிவந்த ஆய்வைப் பாருங்க. ஆப்பிரிக்காவின் பாக்வேலே மக்களுடைய முகமூடிப் போட்டோக்களை அந்த மக்களே தரம் பிரிச்சாங்க. அமெரிக்கக் கலை நிபுணர்களும் தனியா பிரிச்சாங்க. ரெண்டும் ஓரளவு ஒத்துப்போச்சு. அங்கே கலையும் அவங்களுது, தீர்ப்பும் அவங்களுது. அந்த மரியாதை நம்ம மக்களுக்கும் வேணும்.

காசிமேட்டுப் படகுகள்ல இருக்கிற எழுத்தையும் படத்தையும் போட்டோ எடுங்க. படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவங்களை வரிசைப்படுத்தச் சொல்லுங்க. அதையே பெரியமேடு கவின் கலைக் கல்லூரி மாணவர்கள்கிட்டயும் கேளுங்க. ரெண்டு வரிசையும் எங்கே பிரியுதோ அங்கே நின்னு, ஏன்னு கேட்டு, அவங்க வார்த்தையிலேயே எழுதிக்குங்க. எனக்கு அதுதான் பெரிய புதையல்.

ஒத்துப்போனாலும் "மனுஷங்க எல்லாருக்கும் பொதுவான ரசனை"ன்னு எழுதிடாதீங்க. ரெண்டு தரப்பும் ஒரே ஊர் போஸ்டரைப் பார்த்து வளர்ந்தவங்க.

படகுக்காரர்கிட்ட அனுமதி கேட்டுட்டு எடுங்க. மீன் ஏலம் நடக்கிற நேரத்துல போகாதீங்க, யாருக்கும் பேச நேரம் இருக்காது.