பால் கட்டிய மார்பை அழுத்தித் தேய்க்கலாமா?

கேள்வி: குழந்தை பிறந்து 5 நாள் ஆகிறது. இரண்டு மார்பும் கல் மாதிரி இறுகிவிட்டன. குழந்தை வாய் வைத்தாலும் வழுக்கிக்கொண்டு போகிறது. அழுத்தித் தேய்த்தால் கட்டி கரையும் என்கிறார்கள், எனக்கோ தொட்டாலே உயிர் போகிறது. எப்படி மசாஜ் செய்வது?

பதில்: அழுத்தித் தேய்ப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். சொல்பவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் பால் சுரப்பு கூடும் இந்த முதல் வாரத்தில் மார்பு இறுகுவதற்குப் பால் மட்டும் காரணமில்லை. ரத்த ஓட்டம் கூடி, திசுக்களில் நீரும் கோத்துக்கொள்கிறது. சுளுக்கி வீங்கிய காலை யாராவது பிசைவார்களா? பலமாகப் பிசைந்தால் உள்ளே அடிபட்டு வீக்கம்தான் ஏறும். தாய்ப்பால் மருத்துவ அகாடமி என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மார்பு அழற்சி (மார்பு வீங்கிச் சிவந்து வலிப்பது) வழிகாட்டுதலும் இதைத் தவிர்க்கச் சொல்கிறது.

சாய்ந்து படுத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்குக் கீழே தோள் வரை ஓடும் காறை எலும்புக்கு மேலேயும் அக்குளிலும் விரல்களால் சின்னச் சின்ன வட்டமாகத் தடவுங்கள். பிறகு காம்புப் பக்கமிருந்து அக்குளை நோக்கியும் காறை எலும்பை நோக்கியும் உள்ளங்கையால் வருடுங்கள். பாலை வெளியே தள்ளுவதாக எண்ணி எல்லோரும் காம்பை நோக்கித்தான் தேய்க்கிறோம். கோத்த நீர் வடியும் திசை அதற்கு நேர் எதிர். தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தடவும் அழுத்தம் போதும். வலித்தால் அது அதிகம்.

குழந்தை வழுக்குவதற்கு வேறு கைப்பக்குவம் உண்டு. பால் கொடுப்பதற்குச் சற்று முன், விரல் நுனிகளைக் காம்பின் அடியைச் சுற்றிப் பூப்போல வைத்து, நெஞ்சை நோக்கி மெல்ல அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். விரலை எடுத்தால் சிறு குழிகள் தெரியும். அந்த இடம் இளகியிருக்கும். உடனே குழந்தையை அணைத்து, கருமையான பகுதியும் சேர்ந்து வாய்க்குள் போகும்படி கொடுங்கள். இது ஒன்றிலேயே அன்றைக்கே அழுகை நின்ற தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன்.

பால் கொடுத்தபின் குளிர்ந்த துணி ஒற்றடம் வலியைக் குறைக்கும். மார்பு காலியாகட்டும் என்று பம்ப் வைத்து எடுக்காதீர்கள். எடுக்க எடுக்கச் சுரப்பு கூடும். குழந்தையால் பிடிக்கவே முடியாவிட்டால் மட்டும் கையால் கொஞ்சம் பீய்ச்சி, அதைக் குழந்தைக்கே கொடுங்கள்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், ஓரிடத்தில் மட்டும் சிவந்து சுடுவது, ஒரு நாளாகியும் குறையாத கட்டி, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலும் தாமதிக்க வேண்டாம். மார்பு அழற்சி என்று சொன்னாலும் பெரும்பாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியிருக்காது.