மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தில் விழும் உறைபனி

கேள்வி: ஊட்டி தலைகுந்தா பக்கம் அரை ஏக்கரில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறோம். டிசம்பர் கடைசியில் உறைபனி விழுந்து இலையெல்லாம் கருகிவிடுகிறது. மேட்டில் இருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. உயரப் போனால்தானே குளிர் அதிகம்?

பதில்: மலை முழுவதையும் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது சரி. சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் விழும் உறைபனி, 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரை அவ்வளவாகத் தொடுவதில்லை. குன்னூர் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழையின் மேகமும் அங்கே அதிகம். இரவு மேகம் போர்வை மாதிரி, நிலத்தின் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது.

ஒரே ஊருக்குள் வந்தால் கணக்கு மாறிவிடும். வானம் தெளிந்து, காற்றும் அசையாத இரவில் சரிவு முழுக்கச் சூட்டை இழக்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீர் ஓடும் வழியிலேயே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. உங்கள் தோட்டம் அந்தத் தேக்கத்துக்குள் இருக்கிறது.

அதனால் முதலில் தோட்டத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அங்கே அடர்ந்த வேலியோ புதரோ இருந்தால் குளிர்காற்றுக்கு அது அணைதான். காற்று வெளியேற இடைவெளி வெட்டிவிடுங்கள். மேல் ஓரத்து வேலி இருக்கட்டும், வருகிற காற்றை அது ஒதுக்கிவிடும்.

பகலிலேயே தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈர மண் பகல் சூட்டை அதிகம் சேர்த்து, இரவில் மெல்ல விடும். சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் தழையோ சாக்கோ போட்டுச் செடியை மூடி, காலையில் பனி கரைந்த பிறகு எடுங்கள். ஸ்பிரிங்க்ளர் வைத்திருந்தால் இரவு முழுக்க, ஐஸ் உருகும்வரை ஓட வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இலையை இன்னும் குளிர வைக்கும். மோட்டாருக்குக் கரண்ட் நிச்சயமில்லை என்றால் அந்த வழியே வேண்டாம்.

ஆகத் தாழ்ந்த பாத்திகளில் அடுத்த முறை உருளைக்குப் பதில் கேரட் போடுங்கள், லேசான உறைபனியை அது தாங்கும்.

அப்புறம், செய்தியில் 3 டிகிரி என்று கேட்டால் அசட்டையாக இருக்காதீர்கள். அது ஆள் உயரத்தில், நிழல் பெட்டிக்குள் எடுத்த அளவு. புல் மட்டத்தில் அதே நேரம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கலாம்.